இடம் மாறாத சத்தம்

கல்லணையிலிருந்து பூம்புகார் வரைக்கும் காவிரி நனைக்கும் நிலத்தில் சத்தத்தை முழுதாக அறிந்த மனிதர் ஒருவர்தான் இருக்கிறார். மன்னார்குடிக்குத் தெற்கே பதினொரு கிலோமீட்டரில், காலனித் தெருவின் கடைசி வீட்டில், நெல் மூட்டை அடுக்கிய அறைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார். வயது இருபத்திரண்டு. பெயர் சாமிதுரை. இது நான் சொல்வதல்ல. ‘டெல்டா சவுண்டு டாக்டர்’ என்ற தன் யூடியூப் சேனலில் முந்நூற்றுப் பதினோரு பேர் முன்னிலையில் அவனே சொன்னது. சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை.

“எந்த ரெக்கார்டிங் சாஃப்ட்வேரா இருந்தாலும் சரி, பொரி வறுக்குற மாதிரி பொரபொரன்னு வந்தாலும் சரி, பட்டுன்னு வெடிச்சாலும் சரி. எங்கிட்ட கொண்டாங்க. திரும்ப எடுத்துட்டுப் போகும்போது இருக்காது.”

அவன் வீட்டிலேயே அது மூன்று வாரமாக இருந்தது.

நான் அங்கே போனது மே மாதம், கத்திரி வெயிலின் தொடக்கத்தில். ஒரு மைக் வயரைக் கொடுத்துவிட்டு மூன்று நாளில் திரும்புவதாக முத்துப்பேட்டையில் உம்மாவிடம் சொல்லியிருந்தேன்; மூன்று வாரத்துக்கு மேல் தங்கிவிட்டேன். சாமிதுரையும் நானும் தஞ்சாவூரில் ஒரே கல்லூரி, ஒரே பெஞ்சு. அரியர் வைத்திருந்த பேப்பரும் ஒன்றே.

வீட்டில் அப்போது சாமிதுரையோடு மூன்று பேர். அப்பா அண்ணாதுரை கதிர் அறுக்கும் மிஷினோடு கர்நாடகா போயிருந்தார். அம்மா நீலாம்பாள் நூறுநாள் வேலையில் வாய்க்கால் தூர் வாரிக்கொண்டிருந்தார். மேட்டூரில் தண்ணீர் திறப்பதற்குள் முடிக்க வேண்டும். காலையில் மண்வெட்டியோடு போய், முழங்கால் வரை காய்ந்த சேற்றோடு மதியம் திரும்புவார். மூன்றாவது ஆள் அக்கா இசைவாணி. அவளுக்காகத்தான் இத்தனையும்.

ஒரத்தநாடு பக்கம் ஒரு மாவு மில்லில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மில்லில் தராசு கொஞ்சம் தள்ளி நிற்கும். மிளகாய் அரைக்க வந்த ஒருத்தி, “என்னாடி, வீட்ல நிறுத்ததுக்கு இங்க கூடக் காட்டுதே” என்றபோது, “தராசுதான்க்கா சரியில்ல” என்று இசைவாணி சொல்லிவிட்டாள். புருஷன் கலைவேந்தன் அங்கே நின்ற அத்தனை பேர் முன்னாலும் அவள் கன்னத்தில் அறைந்தான். மாமியார் ராமாயி அரைபட்ட மிளகாய்த்தூளைத் தட்டியபடியே, “வாய் இருக்கவளுக்கு அடி விழத்தான் செய்யும்” என்றார். அன்று மாலை இசைவாணி ஒரு பையோடு பஸ் ஏறினாள். எட்டு மாதம் ஆகிறது. தராசு இன்னும் அப்படியேதான் நிற்கிறதாம்.

இங்கே வந்தபின் அவளுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. சென்னையில் ஒரு கம்பெனி நாவல்களைக் குரலில் பதிவு செய்து விற்கிறது. வீட்டிலிருந்தே வாசித்து அனுப்பலாம். மாதிரிக்கு இரண்டு பக்கம் வாசித்து அனுப்ப வேண்டும்; மூன்று முறை அனுமதி. இரண்டு முறை அனுப்பியாயிற்று. இரண்டு முறையும் ஒரே பதில்: குரல் நன்று, பதிவில் வெடிப்புச் சத்தம் உள்ளது, ஏற்க இயலாது. மூன்றாவதற்கு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கெடு.

இதற்குள் மாமனார் ஐயாவு போன் செய்துவிட்டார். “ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு வர்றோம். வீட்ல சும்மா குந்தியிருக்க புள்ளய எத்தன நாளைக்கு வச்சிருப்பீங்க? வந்து அழச்சிட்டுப் போறோம்.”

நீலாம்பாள் போனை வைத்துவிட்டு, காலில் ஒட்டிய சேற்றை ஓட்டுச்சில்லால் சுரண்டினார்.

“அவ கையில ஒரு வேலைன்னு இருந்தா நானும் நிமிந்து பேசுவேன். ஒண்ணும் இல்லாம நான் என்னத்தப் பேசறது? தெருவே அனுப்பி வையின்னுதான் சொல்லும்.”

“வேல இல்லன்னாலும் நான் போவமாட்டேன்ம்மா.”

“நீ போவமாட்ட. ஒங்கப்பா போனுல ரெண்டு வார்த்த கேட்டா அனுப்பிருவாரு. தெரியாதா எனக்கு?”

சாமிதுரை நிமிர்ந்து உட்கார்ந்தான். “ஏன் ரெண்டு பேரும் கெடந்து தவிக்கிறீங்க? நான்தான் இருக்கன்ல.”

அவன் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. நெல் மூட்டை அறையின் சுவரெல்லாம் வெற்றுச் சாக்கைத் தொங்கவிட்டு, வாசலுக்கும் சாக்கையே திரையாக்கி, உள்ளே ஒரு இரும்பு ஸ்டாண்டில் மைக்கை நிறுத்தியிருந்தான். வெளியே கூடத்தில், மைக் வயர் வந்து சேரும் ஒரு இரும்புப் பெட்டி, அதோடு இணைத்த லேப்டாப். அதன் பேட்டரி பலாக்காய் மாதிரி உப்பிப் போனதால் பிடுங்கி எறிந்தாயிற்று. சார்ஜர் சொருகினால்தான் உயிர். சாஃப்ட்வேரில் பஃபர் என்று ஒன்று உண்டு. சத்தத்தைக் கொஞ்சம் தேக்கி வைத்துத் திறந்துவிடும் மதகு மாதிரி. சின்னதாக வைத்தால் கம்ப்யூட்டர் திணறிப் பொரபொரக்கும். பெரிதாக வைத்தால் பொரபொரப்பு போகும், ஆனால் வாசிப்பவருக்குத் தன் குரலே ஹெட்போனில் தாமதமாகக் கேட்கும்.

முதல் வாரம் அதை அறுபத்து நான்கிலிருந்து இருநூற்று ஐம்பத்தாறுக்கு ஏற்றினான். பொரபொரப்பு பாதி குறைந்தது. அந்தப் பெருமை அவனுக்கே சேரும். இசைவாணிக்குத்தான், கிணற்றுக்குள் இன்னொரு இசைவாணி உட்கார்ந்து தன்னை வக்கணை காட்டுவதாகத் தோன்றியது.

“எம் பேச்சே எனக்கு லேட்டா வருதுடா. நாக்கு கொழறுது.”

“பழகிக்கக்கா. பெரிய ஆளுங்கல்லாம் அப்புடித்தான்.”

அப்புறம் சாம்பிள் ரேட் என்றான்; நொடிக்கு எத்தனை முறை சத்தத்தை அளப்பது என்ற கணக்கு. மைக் பெட்டி ஒரு கணக்கிலும் சாஃப்ட்வேர் ஒரு கணக்கிலும் ஓடியதைக் கண்டுபிடித்து இரண்டையும் ஒன்றாக்கினான். டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துத் திரும்பப் போட்டான். வைஃபையை அணைத்தான். ஆன்டிவைரஸை நிறுத்தினான். எல்லார் போனையும் பிடுங்கி அரிசிப் பானைக்குள் வைத்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடியோ போட்டான். மிச்சம் ஒரு வெடிப்பு மட்டும், பக்கத்துக்கு மூன்று நான்கு முறை, பட் என்று விழுந்துகொண்டே இருந்தது.

பத்தொன்பதாம் நாள் அவன் ஒரு முடிவுக்கு வந்தான். அன்று மதியம் பழைய சோறும் சுட்ட கருவாடும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

“அக்கா, இது மிஷின் கோளாறு இல்ல. ஒன் வாய்.”

இசைவாணி சோற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. “என்னா?”

“வாய் காஞ்சு போனா நாக்கு அண்ணத்துல ஒட்டிப் பிரியும். டிக்குன்னு சத்தம் வரும். வெளிநாட்டுல பச்ச ஆப்பிள் கடிச்சிட்டுத்தான் வாசிப்பாங்க.”

பச்சை ஆப்பிள் மன்னார்குடியில் கிடைக்காததால் கொய்யாக்காய் வாங்கிவந்தான். இரண்டு நாள் அவள் கொய்யாக்காய் கடித்தாள். ஒரு சொம்பு தண்ணீர் குடித்து வாசித்தாள். நாக்கில் தேங்காய் எண்ணெய் தடவி வாசித்தாள். வெடிப்பு அதன்பாட்டுக்கு விழுந்தது.

வியாழக்கிழமை காலை சாமிதுரை குளிக்கப் போனபோது அவள் லேப்டாப்பில் உட்கார்ந்து, நிராகரித்த பதிவைப் போட்டுக் கேட்டாள். ஒருமுறை, இரண்டுமுறை, ஐந்துமுறை.

“ஃபாஜிலு, இங்க வா. ‘கரை உடைந்த அன்று ஊரில் ஒருவரும் உறங்கவில்லை.’ இதுல எங்க வெடிக்குது?”

“‘உடைந்த’ங்கிற எடத்துலக்கா.”

“திரும்பக் கேளு.”

அதே இடம். அடுத்த முறையும் அதே இடம்.

“மொத வாரம் வந்ததெல்லாம் ஒவ்வொரு தடவைக்கும் ஒவ்வொரு எடத்துல வந்துச்சு. அது கம்ப்யூட்டர் தெணறுனது. அவன் சொன்னது சரி. இது எடம் மாறல. அப்படின்னா வாசிக்கும்போதே உள்ள போயிருக்கு. வயரு வழியா.”

“வாய் வழியா இருக்கலாம்ல?” என்று கேட்டுவிட்டேன். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மைக் அறைக்குள் போனாள். வாயை மூடிக்கொண்டு, புத்தகத்தைக்கூடத் திறக்காமல் ஐந்து நிமிடம் நின்றாள். வெளியே பதிவு ஓடியது. மூடிய வாயிலேயே இரண்டு வெடிப்பு விழுந்தது. நடுவில் ஒருமுறை “ஸ்ஸ்” என்றாள். ஸ்டாண்டில் கை பட்டதாம், சுள்ளென்றதாம்.

“கெரைண்டரும் ஒரு மாசமா இப்படித்தான் சுள்ளுங்குது. அம்மா ரப்பர் செருப்பு போட்டுத்தான் மாவாட்டுது.” கையை உதறியபடி கொல்லைப் பக்கம் நடந்தாள்.

மீட்டர் பெட்டிக்கு நேர் கீழே, வீடு கட்டியபோது புதைத்த எர்த் கம்பி இருந்தது. மின்சாரம் கசிந்தால் மண்ணுக்குள் இறங்க வேண்டும் என்று கரியும் உப்பும் கொட்டிப் புதைக்கிற குழி. அந்தக் கரியும் உப்பும் ஈரம் இருந்தால்தான் வேலை செய்யும். குழியைச் சுற்றி மண் பாளம் பாளமாக வெடித்து, விரல் நுழைகிற அளவுக்குப் பிளந்திருந்தது. பிப்ரவரிக்குப் பிறகு மழை இல்லை. வாய்க்காலில் தண்ணீர் இல்லை.

“மில்லுல தெனம் காலைல ரெண்டு கொடம் ஊத்துவேன்” என்றாள். “மருமவ வந்ததும் மொத வேல அதான். ஊத்தலன்னா மிஷின் ஒடம்பெல்லாம் கரண்டு.”

குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த சாமிதுரை நிலைமையைக் கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான். மூன்று வாரத்தில் அவன் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“என்னாக்கா, சாஃப்ட்வேர்ல சத்தம் வந்தா கொல்லையில தண்ணி ஊத்துறதா? அப்புடியே ஒரு சூடமும் கொளுத்திருவமா?”

“ஸ்டாண்டத் தொட்டுப் பாருடா.”

“எதுக்கு? நெட்ல எல்லா ஃபோரத்துலயும் படிச்சாச்சு. எவனும் கொடத்துல தண்ணி ஊத்துன்னு சொல்லல.”

“அவன் ஊர்ல மண்ணு காயாதுடா.”

தண்ணீர் சும்மா கிடைப்பதில்லை. பைப்பில் ஒருநாள் விட்டு ஒருநாள் விடிகாலை அரைமணி நேரம் வரும். வீட்டில் இருந்தது ஆறு குடம். அதில் நான்கை அவள் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்க் குழியில் கவிழ்த்தாள். மண் சர்ரென்று குடித்தது. சாமிதுரை இதைப் போனில் படமெடுத்து, ‘எங்க வீட்டு சர்வீஸ் இன்ஜினியர்’ என்று எழுதி ஸ்டேட்டஸ் போட்டான். நாற்பத்து மூன்று பேர் பொத்துக்கொண்டு சிரிக்கிற மஞ்சள் மூஞ்சியை அனுப்பினார்கள். நானும் ஒன்று அனுப்பினேன். ஒளித்து என்ன ஆகப்போகிறது.

வேலையிலிருந்து வந்த நீலாம்பாள் காலிக் குடங்களைப் பார்த்தார்.

“குடிக்கத் தண்ணி இல்லாத ஊர்ல நாலு கொடத்த மண்ணுல ஊத்துனியாடி?”

“கெரைண்டரத் தொடும்மா.”

“நான் என்னா கேக்கறேன், நீ என்னா சொல்ற?”

“செருப்பக் கழட்டிட்டுத் தொடு.”

நீலாம்பாள் திட்டிக்கொண்டே செருப்பைக் கழற்றினார். ஒரு விரலால் தொட்டார். பிறகு உள்ளங்கையை வைத்தார். திட்டுவதை நிறுத்திவிட்டு, இருந்த இரண்டு குடத்துக்கும் மூடி போட்டு அடுப்படி மூலைக்கு நகர்த்தினார்.

அன்று பிற்பகல் இரண்டு பக்கத்தை ஒரே மூச்சில் வாசித்தாள். ஒரு வெடிப்பு இல்லை. சாமிதுரை ஹெட்போனோடு இருமுறை கேட்டான்.

“காலைல நான் ஒரு அப்டேட் போட்டேன். அதான் எடுத்திருக்கு.”

அவள் மெயிலைத் திறந்தாள். இதுவரை மெயில் அனுப்புவதெல்லாம் அவன்தான். இந்தமுறை தானே அனுப்ப வேண்டும் என்று உட்கார்ந்தாள். முன்பு அனுப்பியதன் வடிவத்தைப் பார்ப்பதற்காக, அவன் கடைசியாக அனுப்பிய மெயிலைத் திறந்தாள். அதைப் படித்தாள். பிறகு சத்தமாக, நாவல் வாசிக்கிற அதே குரலில், நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

“‘ஐயா, ஒலிப்பதிவுக் கருவிகளிலோ மென்பொருளிலோ குறை ஏதும் இல்லை. வாசிப்பவரின் வாய்ச் சத்தமே காரணம். அவருக்குப் பயிற்சி போதவில்லை. தொழில்நுட்பப் பொறுப்பாளர், சாமிதுரை.’”

சாமிதுரை ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டான்.

“அது, அக்கா, அவங்க நம்ம செட்டப்பக் கொறவா நெனச்சிரக் கூடாதுன்னு...”

“ஒன் செட்டப்ப.”

“இல்லக்கா...”

“என்னக் கொறவா நெனைக்கலாம். ஒன் செட்டப்ப நெனைக்கக் கூடாது.” அவள் எழுந்திருக்கவில்லை, குரலும் உயரவில்லை. அதுதான் அங்கே உட்கார முடியாமல் செய்தது. “ரெண்டு நாளா எண்ணெயத் தடவி, கொய்யாக்காயக் கடிக்க வச்சு, எவ்வளோ வேல பாத்தடா எம்மேல. அங்கயும் இதான். தராசு தப்பா நிக்கிது, எல்லாருக்கும் தெரியும். ஆனா அடி எனக்கு, ஏன்னா எனக்கு வாய் இருக்கு. எவனும் தராசத் தொட்டுப் பாக்கல. நீயும் அந்தக் கம்பியத் தொட்டுப் பாக்கல. ஒரு வெரல வச்சுப் பாக்க ஒனக்கு என்னாடா வலிச்சிச்சு?”

“நான் ஒனக்காகத்தானே இவ்வளவும்...”

“அவங்களும் எனக்காகத்தான் வர்றாங்களாம், ஞாயித்துக்கெழம.”

சாமிதுரை நீலாம்பாளைப் பார்த்தான். நீலாம்பாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். “என்னா பாக்குற? நான் எழுதுனனா அத?” என்றார். வெங்காயத்தை அறுக்காமல் குத்தினார்.

மாதிரி அன்றைக்கே போயிற்று. கீழே தொழில்நுட்பப் பொறுப்பாளர் யாரும் இல்லை. சாமிதுரை ஸ்டேட்டஸை அழிக்கவில்லை; அது தானாக மறுநாள் மறைந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. என்னோடு மட்டும் அந்த அப்டேட்டைப் பற்றிப் பேசினான்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பதில் வந்தது. ஏற்கப்பட்டது. நாவல் முழுவதும் அவளுக்கே. முதல் அத்தியாயம் ஞாயிறு மாலைக்குள் வேண்டும். திங்கள் காலை எடிட்டிங். நீலாம்பாள் போனை வாங்கி, படிக்கத் தெரியாத ஆங்கிலத்தைத் தடவிப் பார்த்தார். “கையெழுத்தெல்லாம் போட்டிருக்கா?” என்று மட்டும் கேட்டார்.

“நாலு மணிக்கு அவங்க வருவாங்களே, நாளைக்கு எப்படி வாசிப்ப?” என்றேன்.

“வரட்டும். உக்காரட்டும். படிச்சு முடிச்சிட்டு வந்து, வரலன்னு சொல்றேன்.”

ஞாயிறு நாலு மணிக்கு வந்தார்கள். ஐயாவு வெள்ளை வேட்டியில். ராமாயி ஒரு சீப்பு பழத்தோடு. கலைவேந்தன் புதுச் சட்டையில், மடிப்புக் கலையாமல். நீலாம்பாள் வாசலிலேயே விரலை உதட்டில் வைத்தார்.

“வாங்க. உள்ள புள்ள வேல பாக்குது. சத்தம் போடாம உக்காருங்க.”

“என்னா வேல?” என்றார் ராமாயி.

“சென்னைக் கம்பெனி வேல. பேசுனா அதுல விழுந்துரும்.” சொல்லிவிட்டு ஃபேனை அணைத்தார். “இதும் விழும்.”

கத்திரியின் கடைசி நாட்கள். கான்கிரீட் கூரை அடுப்பில் வைத்த தோசைக்கல்லாக இருந்தது. சம்பந்தி வீட்டார் மூவரும் பாயில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஐந்து நிமிடத்தில் ஐயாவுவின் மேல்துண்டு நனைந்தது. கலைவேந்தனின் புதுச் சட்டை முதுகில் ஒட்டியது. ராமாயி விசிறிக்கொள்ளக் கையை அசைத்தபோது வளையல் கிலுங்க, நீலாம்பாள் திரும்பிப் பார்த்தார். ராமாயி கையை மடியில் வைத்துக்கொண்டார். அந்த வீட்டில் அவர்கள் மூவரும் வாயை மூடிக்கொண்டிருந்ததும், அவள் ஒருத்தி மட்டும் பேசியதும் அப்படித்தான் நடந்தது. சாக்குத் திரைக்குப் பின்னாலிருந்து அவள் குரல், அவசரமில்லாமல், ஒரு வெள்ளத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது.

சாமிதுரை ஹெட்போனோடு லேப்டாப் முன்னால் இருந்தான். அவள் கூப்பிடவில்லை, பட்டனை அமுக்க ஆள் வேண்டும் என்று அவனே வந்து உட்கார்ந்திருந்தான். பத்து நிமிடம் கழித்து அவன் தோள் துள்ளியது. திரையில் பச்சைக் கோட்டின் நடுவே ஊசி மாதிரி ஒன்று நின்றது. வியாழக்கிழமை ஊற்றியது வியாழக்கிழமையோடு காய்ந்திருந்தது.

பஃபரை ஐந்நூற்றுப் பன்னிரண்டுக்கு ஏற்றினான். இன்னொரு ஊசி. பஃபரை இறக்கினான். இன்னொன்று. உள்ளே அவள் நிறுத்தி, அந்த வரியைத் திரும்ப எடுத்தாள். அதிலும் விழுந்தது.

அவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

பிறகு அவன் ஒரு விரலை நீட்டி, மைக் பெட்டியின் இரும்பு விளிம்பைத் தொட்டான். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தான். பதிவை நிறுத்தவில்லை. மறந்தானோ, வேண்டுமென்றே விட்டானோ, தெரியாது.

அடுப்படியில் ஒரே ஒரு குடம் இருந்தது. பைப்பில் தண்ணீர் வர மறுநாள் விடிய வேண்டும். அவன் அதைத் தூக்கினான்.

“டேய்” என்றார் நீலாம்பாள், குரல் இல்லாமல் காற்றில் மட்டும். “காப்பிக்குடா அது.”

அவன் குடத்தை இடுப்பில் ஏற்றி, வெறுங்காலோடு சம்பந்திகளின் முன்னால் நடந்து, கொல்லைக் கதவைத் தோளால் தள்ளிப் போனான். ஐயாவு மில் வைத்திருப்பவர். கழுத்தை நீட்டி, அவன் மீட்டர் பெட்டிக்குக் கீழே குந்துவதைப் பார்த்தார்.

“எர்த்துக்கா?” என்று கிசுகிசுத்தார்.

நீலாம்பாள் தலையாட்டினார்.

ஐயாவு நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, மில்லில் இப்போது அந்த வேலையை யார் செய்வது என்று கேட்பவர் போல மனைவியைப் பார்த்தார். ராமாயி பழச் சீப்பைப் பார்த்தார்.

கொல்லையில் சாமிதுரை குடத்தின் வாயை உள்ளங்கையால் பாதி மூடி, பிளந்த மண்ணின் விளிம்பில் சாய்த்து, கம்பியை ஒட்டியே நூலாக இறக்கினான். சத்தம் வரக் கூடாது என்று அவன் பட்ட பாடு, முந்நூற்றுப் பதினோரு பேரும் பார்க்க வேண்டியது. போன் அவன் சட்டைப்பையிலேயே இருந்தது.

ஆனாலும் மண் குடிக்கிற சத்தம் சின்னதாகக் கேட்டது. சாக்குத் திரைக்குப் பின்னால் அவள் குரல் நின்றது. திரையின் விலகலில் பார்த்தேன்: வரியின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு, கொல்லைச் சுவரின் பக்கம் தலையைச் சாய்த்து நின்றாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. கூப்பிடவில்லை. குடம் காலியாகிறவரை நின்றாள்.

பிறகு விரலை வரியின் தொடக்கத்துக்கு நகர்த்தி, மறுபடி வாசித்தாள்.